எத்தனை கிலோ ஈயம்?

மெல்லிய வெட்சூட் போட்டு, அலுமினிய சிலிண்டர் மாட்டிக்கொண்டு கோவளம் கடலில் ஸ்கூபா இறங்கும் 70 கிலோ ஆளுக்கு வழக்கமாக 4 முதல் 6 கிலோ ஈயம் போதும். அதே ஆள் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கடல் இடுக்கான கோங்ஸ்ஃபியோர்டனில், பனிக்கட்டிகள் மிதக்கும் தண்ணீரில் இறங்க வேண்டுமானால் 12 கிலோ, சில சமயம் 14 கிலோகூடக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். உடம்பு அதே உடம்புதான். எலும்போ சதையோ கொழுப்போ மாறிவிடவில்லை. கூடுதலாக ஏறிய 8 கிலோ எதை அமுக்குவதற்காக?

காற்றை. குளிர்நீரில் உடுத்தும் டிரைசூட்டுக்குள், தோலுக்கும் வெளியுறைக்கும் நடுவில் நின்று உடம்பின் சூட்டைக் காக்கும் காற்றை. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 2 டிகிரி தண்ணீர் நேராகத் தோலில் பட்டால் சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போகும். வால்வைத் திறக்கவோ கொக்கியைக் கழற்றவோ முடியாது. ஆகவே காற்று வேண்டும். காற்று வந்தால் அது ஆளை மேலே தூக்கும். தூக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கட்டி ஈடுசெய்ய வேண்டும். குளிர்நீரில் இறங்குபவர் வெதுவெதுப்புக்குக் கொடுக்கும் விலை அந்த ஈயம்.

ஆளைக் கீழே இறக்குவதற்குத்தான் ஈயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இறங்குவது சுலபம். டைவ் முடியும் நேரத்தில், சிலிண்டர் பெரும்பாலும் காலியான பிறகு, மேற்பரப்புக்கு 5 மீட்டர் கீழே மூன்று நிமிடம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டியிருக்கிறதே, அதுதான் கடினம். ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறத்தான் அந்த நிற்றல். எவ்வளவு எடை வேண்டும் என்பதை அந்த மூன்று நிமிடங்கள்தான் முடிவு செய்கின்றன.

கோங்ஸ்ஃபியோர்டன் நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்து இடம் அல்ல. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் தாண்டினால் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. இந்தக் கழகமும் கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையமும் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமும் சேர்ந்து 2014 ஜூலையில் அந்த ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் 'இண்டார்க்' என்ற கருவித்தொடரை நிறுத்தின. நீரின் வெப்பநிலை, உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை ஆண்டு முழுதும் அளந்து பதிவுசெய்யும் கருவிகள் அதில் ஒரே வடத்தில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. இத்தகைய தொடருக்குக் கீழே ஒரு பாரம், மேலே மிதவைகள்; இரண்டும் எதிரெதிராக இழுப்பதால்தான் வடம் செங்குத்தாக நிற்கிறது. திரும்ப எடுக்க வேண்டிய நாளில் கப்பலிலிருந்து ஓர் ஒலிச் சமிக்ஞை போகும். கொக்கி திறந்து பாரத்தை அடியிலேயே விட்டுவிடும். மிதவைகள் கருவிகளை மேலே கொண்டுவந்து சேர்க்கும்.

பாரத்தை விட்டுவிட்டு மேலே வருவது என்ற இந்த உத்தி நம் கடற்கரைக்குப் பழையது. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கு எதிரே உள்ள முத்துப் பார்களில் குளித்தவர்கள் கல்லைக் கொண்டுதான் இறங்கினார்கள். சுமார் 15 கிலோ எடையுள்ள கருங்கல்லைக் கயிற்றில் கட்டி, கல்லுக்கு மேலே ஒரு வளையம் விட்டிருப்பார்கள். குளிப்பவர் அந்த வளையத்தில் பாதத்தை நுழைத்துக்கொண்டு மூச்சை இழுத்து அடக்குவார். தோணியில் இருப்பவர் கயிற்றை விட்டதும் கல் அவரை விறுவிறுவென்று கீழே கொண்டுபோகும். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். கல் மேலே இழுக்கப்பட்டுவிடும். அவர் சிப்பிகளை வலைப்பைக்குள் அள்ளி, கயிற்றைச் சுண்டி, மேலிருப்பவர் இழுக்க ஏறிவருவார். ஒரு கல்லுக்கு இரண்டு குளிப்பவர்கள். ஒருவர் இளைப்பாறும்போது மற்றவர் இறங்குவார். தூத்துக்குடியில் கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தது.

இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் இயற்பியலைப் பார்த்தால் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது. மூச்சை அடக்கி இறங்குபவரின் நுரையீரலில் மேற்பரப்பில் 5 லிட்டர் காற்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு; காற்று இரண்டரை லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். மேலே இருக்கும்போது அவரை மிதக்கவைக்கும் நுரையீரல், ஆழம் போகப்போகத் தன் தூக்குவிசையை இழந்துவிடுகிறது. எடை பெரிதும் தேவைப்படுவது முதல் சில மீட்டர்களில். அதன் பிறகு உடம்பே அமிழும். இறங்கும்போது மட்டும் எடையை வைத்துக்கொண்டு, தரை தட்டியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காலை உதைத்து நீந்தி மூச்சை வீணாக்கவும் இல்லை.

கல்லின் கணக்கும் சுவையானது. கருங்கல் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனமானது. ஆகவே 15 கிலோ கல் ஐந்தரை லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அவ்வளவு கடல்நீரின் எடை கழிந்துபோகும். மிஞ்சி இழுப்பது 9 கிலோவுக்குச் சற்று மேல். பல்லாவரம், திரிசூலம் மலைகளின் சார்னகைட் பாறையை வெட்டி எடுத்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஈயமோ தண்ணீரைவிட 11.3 மடங்கு கனம். 1 கிலோ ஈயம் தண்ணீருக்குள் 910 கிராம் இழுக்கும். அந்த 15 கிலோ கல் செய்த வேலையைப் பத்தேகால் கிலோ ஈயம் செய்துவிடும், அதுவும் ஒரு லிட்டருக்குக் குறைவான இடத்தில். இன்று இடுப்பில் ஈயம் தொங்குவதற்குக் காரணம் இதுவே.

சிலிண்டரோடு இறங்குபவருக்கு நுரையீரல் சுருங்குவதில்லை. எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த ஆழத்து அழுத்தத்திலேயே ரெகுலேட்டர் காற்றைக் கொடுக்கிறது. அதனால் ஆழம் அவருக்கு முத்துக்குளிப்பவருக்குச் செய்த உதவியைச் செய்யாது. பதிலுக்கு வேறொன்று மாறிக்கொண்டே இருக்கிறது: சிலிண்டரின் எடை. காற்றுக்கு எடை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று மேற்பரப்பில் 2400 லிட்டர், லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் கிட்டத்தட்ட 3 கிலோ. 50 பார் மிச்சம் வைத்து ஏறிவந்தால், மூச்சாக வெளியே போனது 2.2 கிலோ. அதாவது டைவ் தொடங்கும்போது இருந்ததைவிட முடிவில் ஆள் 2.2 கிலோ இலேசாகியிருக்கிறார். தொடக்கத்தில் சரியாக நிற்கும்படி எடை கட்டியவர், கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போய்விடுவார். முடிவுக்குத் தக்கபடி கட்டியவர் தொடக்கத்தில் 2 கிலோ கனமாக இருப்பார். அது தவிர்க்க முடியாத கனம். முதுகில் மாட்டிய பி.சி.டி. எனும் மிதப்புப் பையில் 2 லிட்டர் காற்று ஊதினால் சரியாகிவிடும்.

சிலிண்டர் எந்த உலோகம் என்பதும் கணக்கில் சேரும். நம் ஊரில் பெரும்பாலும் புழங்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், நிறைந்திருக்கும்போது அமிழும். காலியாகும் தறுவாயில் தானே மிதக்கப் பார்க்கும். எஃகுச் சிலிண்டர் கடைசிவரை அமிழ்ந்தே இருக்கும். அதை மாட்டினால் ஈயத்தில் 2, 3 கிலோ குறைத்துக்கொள்ளலாம்.

இனி டிரைசூட். வெட்சூட் என்பது நுண்குமிழிகள் நிறைந்த ரப்பர். உள்ளே தண்ணீர் புகும், அந்த மெல்லிய நீர்ப்படலம் உடல்சூட்டில் வெதுவெதுப்பாகும். ஆழத்தில் ரப்பரின் குமிழிகள் நசுங்கும். கதகதப்பும் தூக்குவிசையும் சேர்ந்தே குறையும், அதற்கு மாற்று எதுவும் செய்ய முடியாது. டிரைசூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டைகள், நீர் புகாத ஜிப், காலோடு சேர்ந்த பூட்ஸ். தண்ணீர் உள்ளே வராது. இன்று அதிகம் விற்கும் வகையில் வெளியுறை வெறும் மூன்றடுக்குத் துணி. அது நீரைத் தடுக்குமே தவிரக் குளிரைத் தடுக்காது. குளிரைத் தடுப்பது உள்ளே போடும் பஞ்சு போன்ற தடித்த உள்ளுடையும், அதன் இழைகளுக்கிடையே சிக்கிய காற்றும். 

அந்தக் காற்றும் சுருங்கும். மேற்பரப்பில் 10 லிட்டர் இருந்தால் 10 மீட்டரில் 5 லிட்டர், 30 மீட்டரில் இரண்டரை லிட்டர். அப்படியே விட்டால் உறை உடம்பை இறுக்கிப் பிடிக்கும், மடிப்புகள் தோலைக் கவ்வித் தழும்பு உண்டாக்கும், உள்ளுடை நசுங்கிக் குளிரும். அதனால் மார்பில் உள்ள வால்வை அழுத்திச் சிலிண்டரிலிருந்து காற்று விடுவார்கள். ஏறும்போது அது விரியும். இடது மேற்கையில் உள்ள வால்வு வழியாக வெளியே விடுவார்கள். எந்த ஆழத்திலும் சூட்டுக்குள் ஏறக்குறைய ஒரே அளவு காற்று இருக்குமாறு பார்த்துக்கொள்வதே இதில் உள்ள திறமை. கொள்ளளவு மாறாவிட்டால் தூக்குவிசையும் மாறாது. 

ஈயத்தைக் குறைத்துக் கட்டுவதை ஒரு தேர்ச்சியாகப் பேசுபவர்கள் உண்டு. வெதுவெதுப்பான கடலில் அந்தப் பேச்சு நியாயம்தான். டிரைசூட்டில் அப்படியல்ல. 2 கிலோ குறைத்துக் கட்டியவர் நீரில் நிற்பதற்காகச் சூட்டிலிருந்து 2 லிட்டர் காற்றைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். எந்தக் காற்றுக்காக அவ்வளவு விலை கொடுத்து அந்த உடையை வாங்கினாரோ அதையே வெளியேற்றிவிட்டு, நாற்பது நிமிடம் நடுங்கிக்கொண்டிருப்பார். குளிர்ந்த உடம்பிலிருந்து நைட்ரஜன் வெளியேறுவதும் மெதுவாகும். கடைசி நிற்றல்களில் குளிர்ந்திருப்பது ஆபத்தைக் கூட்டும். கதகதப்புக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அதை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்குத் தக்க ஈயத்தைக் கட்டுவதே சரி.

அதற்காக அள்ளிக் கட்டுவதும் தவறு. பயத்தினால் 4 கிலோ அதிகம் கட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டரில் நிற்க அவருக்கு மற்றவர்களைவிட 4 லிட்டர் காற்று அதிகம் வேண்டும். அவர் 5 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் இரண்டிலிருந்து ஒன்றரையாகக் குறையும். அந்த 4 லிட்டர் 5.3 லிட்டராக விரியும். கூடுதல் காற்றினால் மட்டும் 1.3 கிலோ தூக்குவிசை சில நொடிகளில் கூடிவிடுகிறது. அதைச் சரியான நேரத்தில் வெளியேற்றாவிட்டால் வேகம் பிடிக்கும். வேகம் பிடித்தால் இன்னும் விரியும். மேற்பரப்பை நோக்கிக் கட்டுப்பாடில்லாமல் பாய்வதில் நுரையீரல் கிழியலாம், நைட்ரஜன் குமிழிகள் மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கலாம். மிதமிஞ்சிய எடை ஆளை அடியில் அழுத்திவைத்து ஆபத்து விளைவிப்பதைவிட, இப்படி மேலே வீசி ஆபத்து விளைவிப்பதே டிரைசூட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது.

சூட்டுக்குள் இருக்கும் காற்று ஓரிடத்தில் நிற்காது. கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தின் குமிழியைப் போல எப்போதும் உயர்ந்த பக்கத்துக்கு ஓடும். தலை கீழாகவும் கால் மேலாகவும் சாய்ந்துவிட்டால் காற்று முழுதும் பூட்ஸுக்குள் ஏறிக்கொள்ளும். காலில் காற்றை வெளியேற்ற வால்வு கிடையாது. ஆள் காலால் இழுக்கப்பட்டு மேலே போவார். குழந்தை சுருண்டுகொள்வதுபோல் முழங்காலை மடக்கி உருண்டு நிமிர்வதை முதல் நாளே குளத்தில் பழக்குவார்கள். காற்று எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே இது நேரும். அதிகப்படி ஈயம் கட்டாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். கணுக்காலில் அரைக் கிலோ, ஒரு கிலோ பட்டை கட்டி இதைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள். உதைக்கும்போதெல்லாம் அந்த எடையைத் தூக்கித் தூக்கிக் கால் சோர்ந்துவிடும் என்பதால் முதலில் அது இல்லாமல் பழகிப்பார்ப்பதே நல்லதென்று நினைக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் அகஸ்டஸ் சீபே உருவாக்கிய செம்புத் தலைக்கவச உடையும் ஒரு வகை டிரைசூட்தான். மார்பிலும் முதுகிலும் தலா 18 கிலோ ஈயத்தட்டு, காலில் ஒவ்வொன்றும் ஏழெட்டு கிலோ எடையுள்ள சப்பாத்து. அந்த உடை போட்டவர் நீந்தவில்லை, தரையில் நடந்து வேலை செய்தார். நிலையாக ஊன்றி நிற்க அவருக்குக் கனம் வேண்டியிருந்தது. கப்பல் துறைகளில் வேலை செய்யும் டைவர்கள் இன்றும் தேவைக்குச் சற்று மிகுதியாகவே கட்டுவதற்கு அதே காரணம். மிதந்து செல்ல வேண்டியவருக்கும் ஊன்றி நிற்க வேண்டியவருக்கும் ஒரே எடை பொருந்தாது.

சென்னையில் கடல்நீர் ஆண்டு முழுதும் 26 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் இருக்கிறது. குளிருக்காக இங்கே யாருக்கும் டிரைசூட் வேண்டாம். அழுக்குக்காக வேண்டும். புறநகரைச் சுற்றி, பம்மல், அனகாபுத்தூர், திரிசூலம், நன்மங்கலம் பக்கங்களில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் குவாரிகளின் நீரை 2017, 2019 வறட்சிகளில் சுத்திகரித்து நகரத்துக்கே கொடுத்தார்கள். ஆனால் எல்லாக் குவாரியும் அப்படிச் சுத்தமாக இல்லை. குப்பையும் சாக்கடையும் கலந்தவை பல. கோடை விடுமுறை வந்தால் இந்தக் குவாரிகளில் குளிக்கப்போய் மூழ்கிய பையன்களைப் பற்றிய செய்தி வராத ஆண்டு இல்லை. அவர்களைத் தேடி இறங்குபவர்கள் ஒன்றும் தெரியாத கலங்கலில், சேற்றைக் கையால் தடவித் தேடுகிறார்கள். அடையாற்றிலும் வெள்ளத்துக்குப் பிறகான கால்வாய்களிலும் இதே நிலைதான். தோலில் ஒரு கீறல் இருந்தாலே நோய் தொற்றக்கூடிய அந்த நீரில், உடம்பை முழுதும் மூடும் டிரைசூட்டும் முகம் முழுதும் மறைக்கும் முகமூடியும் தருகிற பாதுகாப்பை வேறெதுவும் தராது. அந்த வேலையைச் செய்பவர்களுக்கு அது கிடைக்க வேண்டும்.

அப்படிக் கிடைக்கும்போது எடையின் கணக்கைக் குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. இங்கே உள்ளே போடுவது மெல்லிய ஒற்றை உள்ளுடை. காற்று குறைவு, ஆகவே ஈயமும் குறைவு. குவாரியில் இருப்பது நன்னீர்; கடலைவிட இன்னும் 2 கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டும். குளிர்நாட்டு அட்டவணைப்படி 13 கிலோ கட்டி இறங்கியவர் சேற்றுக்குள் புதைந்து, கிளறிவிட்ட சகதியில் இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் இழப்பார். அதோடு உடல்சூடு வெளியேற வழியில்லாததால் கரையில் உடையோடு காத்திருக்கும் நேரம்தான் இங்கே பெரிய தொல்லை. நிழலும் குடிதண்ணீரும் ஈயத்தைப் போலவே திட்டமிட வேண்டியவை.

சூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் ஆள் கல்லாகக் கீழே போய்விடுவார் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. உள்ளே புகுந்த நீர் ஆளைக் கீழே இழுக்காது. இழப்பது அங்கிருந்த காற்றின் தூக்குவிசையை மட்டுமே. 8 லிட்டர் காற்று போனால் 8 கிலோ. முதுகில் உள்ள பி.சி.டி. அந்த 8 கிலோவையும், நிறைந்த சிலிண்டரின் 2 கிலோவையும் சேர்த்துத் தூக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஏறிவரலாம். கரையேறும்போதுதான் உள்ளே இருக்கும் நீர் கனக்கும். அப்போது கால்பக்கம் வழிய நேரம் கொடுத்து, கைகொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

பள்ளிக்கரணைக் கழகத்தில் உருவாகிவரும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கிக்கும் இந்தக் கணக்கு உண்டு. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கான அதன் கோளம், வடிவமைப்பின்படி, 2.1 மீட்டர் உள்விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள டைட்டானிய உலோகக் கலவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கோளம் இடம்பெயர்க்கும் கடல்நீர் 6.2 டன், உலோகத்தின் எடை மட்டும் 5.3 டன். 1 டன்னுக்கும் குறைவான மிதப்பு, அதிலும் ஆட்களும் கருவிகளும் மின்கலங்களும் ஏற வேண்டும். அதனால்தான் நுண்ணிய கண்ணாடிக் கோளங்களைப் பிசினில் கலந்து செய்த, நசுங்காத மிதவைப் பொருளையும் சேர்க்கிறார்கள். ஆபத்து நேர்ந்தால் பாரத்தைக் கழற்றிவிட்டு மேலே வரும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். 

உலோகக் கோளம் ஆழத்தில் அதிகம் சுருங்குவதில்லை என்பதால் பாரத்தைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று அதை வடிவமைப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். டிரைசூட் போட்டவருக்கு அந்த வசதி இல்லை. 20 மீட்டரில் 12 கிலோ ஈயப்பட்டையை ஒரே இழுப்பில் கழற்றிவிட்டால், சூட்டுக்குள் விரியும் காற்று அவரை மேற்பரப்புக்கு எறிந்துவிடும். முத்துக்குளிப்பவர் கல்லை விட்டார், இண்டார்க் பாரத்தை விடுகிறது, மத்ஸ்யா விடலாம். டிரைசூட்காரர் கட்டிய ஈயம் முழுவதையும் திரும்பக் கொண்டுவர வேண்டியவர். அதனால்தான் கட்டும்போதே சரியாகக் கட்ட வேண்டியிருக்கிறது. பெரும்பகுதியைக் கழற்ற முடியாதபடி முதுகுத்தகட்டிலும் தோள்வாரிலும் பிரித்துவைத்து, அவசரத்துக்கு 3, 4 கிலோவை மட்டும் கழற்றக்கூடிய பைகளில் வைப்பது நல்ல பழக்கம். சுமை இடுப்பிலிருந்து மேலே நகர்வதால் உடம்பு கிடைமட்டமாக நிற்கவும் அது உதவும்.

சரியான எடையைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் கிடையாது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதோடு இத்தனை கிலோ என்றெல்லாம் சொல்வது எங்கே தொடங்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். கொழுப்பும் தசையும் நுரையீரலும் ஆளுக்கு ஆள் வேறு. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். வேளச்சேரியிலோ வேறெங்கோ அனுமதி கிடைக்கும் ஆழமான குளம் போதும். சிலிண்டரில் 50 பார் மட்டும் இருக்கட்டும். உண்மையான டைவில் போடப்போகும் அதே உள்ளுடை. பி.சி.டி. முழுதும் காலி. கைவால்வைத் திறந்துவைத்து, நிமிர்ந்து நின்று, சூட்டில் இறுக்கம் தெரியாத, உள்ளுடை நசுங்காத அளவுக்கு மட்டும் காற்றை விட்டுவைக்க வேண்டும். 3 மீட்டர் ஆழத்தில் சாதாரணமாக மூச்சுவிட்டபடி நின்று பார்த்தால், மூச்சை இழுக்கும்போது மெல்ல ஏறி, விடும்போது மெல்ல இறங்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டி சேர்க்கலாம், இறங்கிக்கொண்டே போனால் ஒன்றை எடுக்கலாம். நிறைந்த சிலிண்டரோடு மட்டுமே சோதிக்க முடிந்தால், மூச்சை அடக்கி அசையாமல் இருக்கும்போது நீர்மட்டம் கண்ணளவில் நிற்கும்படி செய்துவிட்டு அதன்மேல் 2 கிலோ கூட்டிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான குளத்தில் தடித்த உள்ளுடையோடு நெடுநேரம் இருக்கக் கூடாது, சூடு தலைக்கேறும்.

குளத்து எண்ணிலிருந்து கடலுக்கு மாறுவது வெறும் கணக்கு. ஆள், சிலிண்டர், உடை, ஈயம் எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்றால், குளத்தில் நிலையாக நிற்பவர் 105 லிட்டர் இடத்தை அடைக்கிறார். சென்னைக் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.021 கிலோ. 2.2 கிலோ கூடுதல் தூக்குவிசை; ஈயம் தண்ணீரில் இழக்கும் பங்கையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ கூட்ட வேண்டும். கோங்ஸ்ஃபியோர்டனில் நீர் குளிர்ந்து 1.027 கிலோ, அங்கே 3 கிலோ. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வங்கக் கடலின் வடக்கிலிருந்து ஆற்றுநீர் கலந்த நீரோட்டம் சென்னைக் கரையோரம் இறங்கிவரும் மாதங்களில் உப்பு குறைந்து 1.018-க்கு வந்தால் வேறுபாடு முந்நூறு கிராம், கடையில் கிடைக்கும் மிகச் சிறிய ஈயக்கட்டியைவிடக் குறைவு. அதை விட்டுவிடலாம். உள்ளுடையை மாற்றினால் மட்டும் விடக் கூடாது. ஒரு தடித்த உள்ளுடைக்கும் மெல்லியதற்கும் 4, 5 கிலோ வித்தியாசம் வரும். அன்றைக்கு மறுபடியும் குளத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும்.